சுண்டக் காய்ச்சிய அறிவிப்பு

எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல 'பொதுமக்கள் அறிவிப்பு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. திறந்து பாத்தா மூணே மூணு அறிவிப்புதான். தண்ணீர் வராது. தண்ணீர் வரும். காய்ச்சிக் குடிக்கவும். வாசல்ல குடிநீர் அலுவலகம்னு ஆளுயர எழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு, இத்தனை ஆயிரம் வீட்டுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு, ஜனங்ககிட்ட நாங்க இதுவரைக்கும் வாயைத் திறந்து பேசினது இந்த மூணு வார்த்தைதான். நாலாவதா ஒண்ணு சொல்லணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். அந்த மேலிடம் எங்க இருக்குன்னு நானும் ஒரு நாள் மாடி மாடியா ஏறிப் பாத்தேன். மொட்டைமாடியில ஒரு தண்ணித் தொட்டிதான் இருந்துச்சு, அதுக்கும் மூடி இல்ல.

நான் அங்க கெமிஸ்ட். லேப் எதுன்னு கேட்டீங்கன்னா, நடையில நேரா வந்து கடைசி ரூம், கக்கூஸுக்கு அடுத்த கதவு. அவசரமா வர்றவங்க பாதிப் பேரு கதவு மாறி உள்ள வந்து, என்னைப் பாத்துத் திடுக்கிட்டு ஓடுவாங்க. நான் சாம்பிள் பாட்டில் கழுவுற தொட்டியில எச்சில் டம்ளரைப் போட்டுட்டுப் போற ஜென்மங்க எங்க ஆபீஸ் ஆளுங்க. 'இங்கே டம்ளர் போடாதீர்கள்'னு எழுதி ஒட்டினேன். அந்தப் பேப்பர் மேலயே டீ கொட்டி வச்சிருக்காங்க. கண்றாவி.

பாறை மேட்டுக் குடியிருப்பு எங்க பொறுப்புலதான் இருக்கு. ஆத்துத் தண்ணிக் குழாய் அந்த மேட்டுக்கு ஏறாது. அதனால பாறையைத் துளைச்சு ஆழமா ஒரு போர் போட்டு, டேங்குல ஏத்தி, வீட்டுக்கு வீடு குழாயில விடுறோம். தண்ணியைப் பாத்தா ஆசையா இருக்கும். கலங்கல் கிடையாது, வாடை கிடையாது. ஆனா அந்தப் பாறையில யுரேனியம் இருக்கு. யாரும் கொண்டுபோய்க் கொட்டல, பாறை உண்டான நாள்ல இருந்து அங்கயே கிடக்குது. தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துக்கிட்டு மேல வந்துடும். கதிர்வீச்சு உள்ள சரக்குதான். ஆனா வருஷக்கணக்கா குடிக்கிறவங்களுக்கு முதல் அடி விழுறது கிட்னியில. ஒரு லிட்டர்ல முப்பது மைக்ரோகிராம் தாண்டக் கூடாதுன்னு விதி. எனக்கு வந்தது அறுபத்திரெண்டு. மெஷின் மேல சந்தேகப்பட்டு, திரும்பவும் ஆளை அனுப்பி வேற பாட்டில்ல பிடிச்சுட்டு வரச் சொல்லிப் பாத்தேன். அதேதான்.

தம்பி வீடு அந்தக் குடியிருப்புலதான் இருக்கு. மூணாவது மாடி. அவன் லிஃப்ட் மெக்கானிக், அவன் இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் கிடையாது. அவன் பொண்டாட்டியை நாங்க வீட்டுல 'சின்னவ'ன்னு கூப்பிடுவோம். அவங்களுக்கு ஒரு பொண்ணு, இப்பதான் பிடிக்காம உக்காரப் பழகியிருக்கா. சின்னவளுக்குப் பால் பத்தல, அதனால பாப்பாவுக்குப் பவுடர் பால். பவுடர் கொஞ்சம், மத்ததெல்லாம் தண்ணி. கையளவு உடம்புக்குள்ள நாள் பூரா அந்தத் தண்ணிதான் போகுது. எனக்குன்னு பிள்ளை குட்டி கிடையாது. அந்தப் பாப்பா என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் பாயும். அதுக்காகவே நான் வாரா வாரம் மூச்சு வாங்க மூணு மாடி ஏறுவேன்.

ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு எங்க இன்ஜினியர்கிட்ட போனேன். அவருக்கு நாங்க வச்ச பேரு 'பாக்கலாம் சார்'. அவரு மேஜையில எப்பவும் ஒரு நீலப் பேனா இருக்கும். அதோட மூடியால காதைக் குடைவாரு. குடைஞ்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, மேஜைத் துணி ஓரத்துல தேய்ச்சுட்டு, அந்த மூடியை அப்படியே பேனாவுல சொருகி, கையெழுத்துப் போடுங்கம்மான்னு நம்ம கிட்ட நீட்டுவாரு. நான் ஆபீஸுக்குப் போறப்ப என் சொந்தப் பேனா ரெண்டு எடுத்துட்டுப் போறதுக்குக் காரணம் அதுதான்.

"சார், மேட்டு போரை நிறுத்தணும். லாரியில வேற தண்ணி விடணும்"னேன்.

"பாக்கலாம். கிருமியா?"

"கிருமி இல்ல சார், யுரேனியம். வரம்புக்கு ரெண்டு மடங்கு."

மனுஷன் ஒரு நிமிஷம் நிமிந்து உக்காந்தாரு. "யாராவது கலந்துட்டாங்களா?"

"யாரும் கலக்கல. பாறையிலயே இருக்கு."

"அட, அப்போ இயற்கைதானே!" போன உயிர் திரும்பி வந்த மாதிரி நாற்காலியில சாஞ்சுட்டாரு. "அதை முதல்ல சொல்ல வேண்டாமா? இயற்கையா வர்றதைப் போய் நாம என்னம்மா பண்ண முடியும்? இப்பல்லாம் இயற்கைன்னா ஜனங்க காசு கொடுத்து வாங்குறாங்க."

"சாணிகூட இயற்கைதான் சார். உங்க டீயில ஒரு கரண்டி கலக்கித் தரட்டுமா?"

சிரிச்சாரு. அதுதான் அவருகிட்ட எனக்கு ஆகவே ஆகாது. கத்துற ஆளா இருந்தா பதிலுக்குக் கத்தலாம். இவரு நம்ம கோவத்தை ஏதோ வீட்டுப் பிள்ளை பண்ற சேட்டை மாதிரி பாத்துச் சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே மூடியைக் கழட்டி அடுத்த காதுக்குப் போனாரு.

வரம்பு தாண்டினா ஜனங்களுக்கு உடனே அறிவிக்கணும்னு விதி இருக்கு, அதை நான் எடுத்துச் சொன்னேன். "தாராளமா அறிவிச்சுடலாம்"னு ஃபோல்டரைத் திறந்தாரு. மூணுல மூணாவதைக் கிளிக் பண்ணாரு. காய்ச்சிக் குடிக்கவும்.

"சார், அது கிருமிக்கு. காய்ச்சினா கிருமி சாகும். யுரேனியத்துக்கு என்ன உயிரா இருக்கு சாகறதுக்கு? தண்ணி ஆவியாப் போயிடும், அது மட்டும் பாத்திரத்துலயே நிக்கும். காய்ச்சக் காய்ச்ச கூடத்தான் செய்யும்."

"கொஞ்சம்தானே கூடும்?"

"குறையணும் சார்! குறையறதுக்குத்தானே அறிவிப்பு!"

"விதியில என்ன இருக்கு? அறிவிப்பு கொடுக்கணும்னு இருக்கு. என்ன அறிவிப்புன்னு இருக்கா?" அவரு குரல்ல அவ்வளவு பொறுமை. "ஒண்ணும் சொல்லாம இருக்கிறதுக்கு ஏதோ சொன்ன மாதிரி இருக்கும்ல. இப்போதைக்கு இதை ஒட்டுவோம். மேலிடத்துல கேட்டு அப்புறமா மாத்திக்கலாம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வெளிய வந்த கையோட தம்பிக்கு போன் போட்டேன். டேய், குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, சமைக்காதீங்க, முக்கியமா பாப்பாவுக்குப் பால் கலக்காதீங்க, காய்ச்சினாலும் போகாது, என் வீட்டுல இருந்து கேன்ல பிடிச்சுட்டுப் போன்னு அவ்வளவு சொன்னேன். பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுற சத்தம். "சரிக்கா, சரிக்கா, சொல்லிடுறேன்"னு வச்சுட்டான். அவனும் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கான். என்ன சொல்லியிருக்கான்? "அக்கா போன் பண்ணுச்சு, தண்ணி சரியில்லையாம், பாத்துக்கோ." நான் சொன்னதை எல்லாம் பிழிஞ்சு அவன் எடுத்துட்டுப் போன சாறு அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில நான் மேட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழ, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல பளபளன்னு அறிவிப்பு. காய்ச்சிக் குடிக்கவும். அதுக்குக் கீழ எப்பவும் அச்சிலயே வர்ற வரி: பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. அதுக்கும் கீழ, ஆய்வு செய்தவர்னு போட்டு, என் பேரு. படிச்ச படிப்போட, இன்ஷியலோட, கொட்டை எழுத்துல. எனக்குக் கல்யாணம் ஆகல, அதனால பத்திரிகையிலகூட என் பேரு அவ்வளவு பெரிசா வந்ததில்ல. யாரைக் கேட்டுப் போட்டானுங்க? பசை என் பேருக்குக் கீழ ஒழுகிக் காஞ்சு நின்னுச்சு.

மேல போனா, கதவைத் திறந்ததுமே சின்னவ இடுப்புல இருந்து பாப்பா பாஞ்சு என் கழுத்தைக் கட்டிக்கிச்சு. சின்னவ வேர்த்து விறுவிறுத்து நிக்குறா. அடுப்பு மேல ஒரு உயரமான பாத்திரம், ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. சமையல்கட்டே வெந்நீர் ரூம் மாதிரி இருக்கு.

"என்னம்மா பண்ற?"

"பாப்பாவுக்குத் தண்ணி அண்ணி. கொஞ்சம் இருங்க, கோட்டுக்கு வந்துடுச்சான்னு பாத்துடுறேன்."

ஒரு நீளக் கரண்டியை எடுத்துப் பாத்திரத்துக்குள்ள நேரா நிறுத்தினா. கரண்டிக் காம்புல சிவப்பு நெயில் பாலிஷால ஒரு கோடு. தண்ணி அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் மேல நின்னுச்சு.

"இன்னும் ஆகல. பாதியா சுண்டினாத்தான் இறக்குவேன்."

"பாதியாவா? எதுக்கு?"

"நீங்கதானே அண்ணி போட்டிருக்கீங்க, காய்ச்சணும்னு? சும்மா கொதிச்சா போதும்னு கீழ் வீட்டு அக்கா சொன்னாங்க. நான் சொன்னேன், எங்க அண்ணி சும்மா பேரு போட மாட்டாங்க, அவங்களே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்காங்கன்னா விஷயம் பெரிசுன்னு. கஷாயத்துக்கு சுண்ட வைக்கிற மாதிரி நல்லா சுண்ட வச்சுடுறேன். கேஸ்தான் பறக்குது, பரவால்ல." முகமெல்லாம் பெருமை. பரீட்சையில முழு மார்க் வாங்கின பிள்ளை பேப்பரைக் காட்டுமே, அந்த மாதிரி எனக்குக் கரண்டியைக் காட்டினா.

அடுப்பை அணைச்சேன். நான் சடக்குன்னு திருகினதைப் பாத்து அவ பயந்துட்டா. பாத்திரத்து ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு வட்டம் வட்டமா படிஞ்சு கிடந்துச்சு. உக்கார வச்சு, ஒண்ணு விடாமச் சொன்னேன். யுரேனியம், பாறை, கிட்னி, பாதியா சுண்டினா ரெண்டு மடங்கு, எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அப்போ ஏன் அண்ணி அப்படிப் போட்டீங்க?"

நான் போடலன்னேன். 'பேரு போட்டிருக்கே'ன்னா. பேரை அவங்களே போட்டுக்கிட்டாங்கன்னேன். நம்ம பேரை நம்மளைக் கேக்காம எப்படி அண்ணி போடுவாங்கன்னு கேட்டா. அவ கேட்டது நியாயம்தான். வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு ஆபீஸ்னா ஏதோ யோசிச்சு நடக்கிற இடம்னு ஒரு நினைப்பு. உள்ள இருக்கிற நாத்தம் எனக்குல்ல தெரியும். இனிமே என் வீட்டுத் தண்ணிதான்னு முடிவு பண்ணினோம். என் பக்கம் ஆத்துத் தண்ணி வருது. தம்பி வண்டியில கேனைக் கட்டிக் கொண்டுவந்து கீழ இறக்கி வச்சுட்டு வேலைக்குப் போயிடுவான், சின்னவதான் மூணு மாடி தூக்கணும். முணுமுணுக்காம சரின்னா.

சுண்டின தண்ணியை ஒரு சாம்பிள் பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். மறுநாள் முதல் வேலையா மெஷின்ல போட்டேன். நூத்திப் பதினெட்டு. பாட்டிலையும் ரிசல்ட்டையும் கொண்டுபோய் 'பாக்கலாம் சார்' மேஜை மேல வச்சேன்.

"இது பாப்பாவுக்குப் பால் கலக்குற தண்ணி சார். உங்க அறிவிப்பைப் படிச்சுட்டுக் காய்ச்சினது."

அவரு பாட்டிலைத் தொடக்கூட இல்ல. "எங்க எடுத்தது?"

"வீட்டுல. அடுப்புல இருந்து."

"அதானே பாத்தேன்." மூடி காதுக்குள்ள போச்சு. "சாம்பிள் குழாய்ல எடுக்கணும்னுதானே விதி? குழாய் வரைக்கும்தான் நம்ம பொறுப்பு. அடுப்புல ஏறின தண்ணிக்கு வரம்பே கிடையாதேம்மா. வரம்பே இல்லாதப்ப இது வரம்பைத் தாண்டிச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?"

எத்தனையோ அசிங்கத்தை நான் இந்த மூக்கால மோந்து பாத்திருக்கேன். சாக்கடை கலந்த தண்ணி, எலி செத்த டேங்கு, புழு நெளியுற குழாய், எல்லாம். அதுக்கெல்லாம் எனக்குக் குமட்டினதில்ல. அன்னைக்கு அந்தச் சுத்தமான மேஜை முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தப்ப, வாய் வரைக்கும் வந்துடுச்சு. சீ, இதெல்லாம் ஒரு பொழப்பான்னு தோணுச்சு. அறிவிப்பை எடுக்கலன்னா ரிசல்ட் ரெண்டையும் நானே சுகாதாரத் துறைக்கு அனுப்பிடுவேன், என் பேரைக் கேக்காமப் போட்டதையும் சேத்து எழுதுவேன்னேன்.

அதைக் கேட்டதும் மனுஷன் மூடியை இறக்கினாரு. "சரிம்மா, சரி. உங்க மனசு நோகக் கூடாது. புது அறிவிப்பே போட்டுடலாம். நீங்களே எழுதிக் கொடுங்க, உங்க வார்த்தையிலயே போடுறேன். நீளமா வேண்டாம், சுண்டக் காய்ச்சி நாலு வரி."

சுண்டக் காய்ச்சி! அந்த ஆளு அதை வேணும்னு சொல்லல, சாதாரணமா வாயில வந்ததுதான். நானும் கண்டுக்காம உக்காந்து, என் சொந்தப் பேனாவால எழுதினேன். 'இந்தக் குழாய் நீரில் யுரேனியம் வரம்பைத் தாண்டியுள்ளது. இதைக் குடிக்கவோ, சமைக்கவோ, குழந்தைகளுக்குப் பால் கலக்கவோ வேண்டாம். காய்ச்சினால் அளவு கூடும், காய்ச்ச வேண்டாம். லாரி நீர் வரும், அதைப் பயன்படுத்தவும்.' திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாத்தேன். தப்பா புரிஞ்சுக்க ஒரு ஓட்டை இல்ல. வாங்கிப் படிச்சாரு, பேஷ்னாரு, உங்க பேரைப் போடலாம்ல, ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்னு கேட்டாரு. இந்தத் தடவை கேட்டாருல்ல. தாராளமா போடுங்கன்னேன். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உக்காந்து, ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா ஒரு டீ குடிச்சேன். என்னைச் சொல்லணும்.

நடுவுல எனக்கு ரெண்டு நாள் லீவு. அது முடிஞ்சு காலையில ஆபீஸ் போற வழியில பாப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு மேட்டுப் பக்கம் போனேன். லேப் கோட்டை மாட்டியிருந்தேன். மாடிப்படிக்குக் கீழ கூட்டமா நாலஞ்சு பொம்பளைங்க. ஒருத்தி சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தா, மத்தவங்க சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எட்டிப் பாத்தேன்.

பொருள்: குடிநீர்.

காய்ச்ச வேண்டாம்.

பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.

ஆய்வு செய்தவர்: அதுக்குப் பக்கத்துல என் பேரு.

அங்கயே நின்னு அவருக்கு போன் போட்டேன். "சார், என்ன சார் இது?"

"ஏன்மா, ஒட்டிட்டாங்களா? நீங்க எழுதினதுதான். ஒரு வார்த்தைகூட நான் சேக்கல, வேணும்னா ஒப்பிட்டுப் பாருங்க. யுரேனியம்னு போட்டா பீதி ஆயிடும், அதை எடுத்தேன். லாரிக்கு இன்னும் அனுமதி வரல, வராததைப் போடக் கூடாதுல்ல, அதை எடுத்தேன். தண்ணியும் கொடுக்காம குடிக்காதேன்னு சொன்னா ஜனங்க சண்டைக்கு வருவாங்க, அதையும் எடுத்தேன். மிச்சம் இருந்தது அப்படியே உங்க வார்த்தைதான். மத்ததை மேலிடத்துல கேட்டு..."

பாக்கலாம்னு அவரு சொல்றதுக்குள்ள போனை வச்சேன். என் காதுலயே அந்த மூடியை விட்டுக் குடைஞ்ச மாதிரி இருந்துச்சு. கருமம், காதைக் கழுவணும் போல வந்துச்சு எனக்கு.

"அண்ணி!"

படியில இருந்து சின்னவ இறங்கி வந்தா. இடுப்புல பாப்பா, மறு கையில காலிக் கேன் ரெண்டு. முகம் பூரா சிரிப்பு. "நல்லவேளை அண்ணி, சரி பண்ணிட்டீங்க! கேன் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சே போச்சு. இந்தாங்க, உங்க கேனைக் கழுவி எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன சரி பண்ணிட்டேன்?"

"தண்ணியைத்தான். நேத்தே ஒட்டிட்டாங்க. எல்லாரும் நேத்தே பிடிச்சுக் குடிக்க ஆரம்பிச்சாச்சு, நான்தான் தொடல. இவரு சொல்றாரு, காய்ச்சவே வேணாம்னு போட்டா தண்ணி சுத்தமாயிடுச்சுன்னுதானே அர்த்தம்னு. அப்பவும் நான் ஒத்துக்கல. இன்னைக்குக் காலையில நானே இறங்கி வந்து அடியில உங்க பேரு இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பாப்பாவுக்குக் கலக்கினேன், குழாய்ல பிடிச்சு அப்படியே. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல, பாருங்க."

பாப்பா கையில காலி பால் பாட்டில். அதை என் பக்கமா ஆட்டி ஆட்டி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிச்சுச்சு. கடைவாய்ல பால் காஞ்சு வெள்ளையா ஒட்டியிருந்துச்சு.

கோட்டுப் பையில கையை விட்டேன். சாம்பிள் பாட்டில் மேல நம்பர் போடுற கறுப்பு மார்க்கர் அங்கதான் எப்பவும் கிடக்கும், தண்ணி பட்டாலும் அழியாது. கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போய், 'காய்ச்ச'ங்கிற வார்த்தையை அடிச்சேன். அடுத்த வரியை முழுசா அடிச்சேன். ஆத்திரத்துல பேப்பர் அங்கங்க கிழிஞ்சு சுவரு தெரிஞ்சுச்சு. அந்த ஆளு மாதிரியே நானும் ஒரு வார்த்தைகூடச் சேக்கல, எடுத்தேன், அவ்வளவுதான். இப்போ இருந்தது இதுதான். பொருள்: குடிநீர். வேண்டாம். கீழ என் பேரு.

"ஏம்மா, ஆபீஸ் நோட்டீஸ்ல கிறுக்குறியே, யாரு நீ?"ன்னு அந்த வாசிச்ச பொம்பளை மல்லுக்கு வந்தா.

"கீழ இருக்கே பேரு, அது நான்தான்."

அவ பேரைப் பாத்தா, என்னைப் பாத்தா. "நல்ல கதையா இருக்கே! போன வாரம் அந்தம்மா காய்ச்சுன்னாங்க. நேத்து காய்ச்சாதேன்னாங்க. இன்னைக்கு நீ வந்து நான்தான் அந்தம்மான்னுட்டு, வேணவே வேணாம்ங்கிற. உங்க யாருக்காவது புத்தி இருக்கா?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தி மட்டும் பிடிச்சு வச்சிருந்த குடத்தைப் பாத்துக்கிட்டே நின்னா, அப்புறம் அதை வாசல் சாக்கடையில கவுத்தா. மத்தவங்க அவங்கவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டுப் படியேறிட்டாங்க. நான் ஒவ்வொரு வீடா வந்து சொல்றேன், கேட்டுட்டுப் போங்கன்னு பின்னாடியே கத்தினேன். யாரும் திரும்பல. இந்த வேலை போனாலும் போகட்டும், இன்னைக்கே ரிசல்ட்டைத் தூக்கிக்கிட்டு சுகாதாரத் துறைக்குப் போறதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். ஆனா அதெல்லாம் அப்புறம். சின்னவ அசையாம நின்னுக்கிட்டு இருந்தா.

"அப்போ... காலையில இவ குடிச்சது?"

"ஒரு பாட்டில்தானே, ஒண்ணும் ஆயிடாது"ன்னேன். அது உண்மைதான், ஒரு பாட்டிலால ஒண்ணும் ஆகாது. "நீ பயப்படத் தேவையில்ல."

சொல்லி முடிச்சப்புறம்தான் என் வாயில இருந்து என்ன வந்துச்சுன்னு எனக்கே உறைச்சுது. அவளுக்கும் உறைச்சுது. அவ கண்ணு சுவத்துக்குப் போச்சு. நான் அடிச்சிருந்த அந்த 'அச்சப்படத் தேவையில்லை', கறுப்புக்கு உள்ள இருந்து இன்னும் லேசா தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"எதை ஒட்டினாலும் உங்க பேருதான் அண்ணி இருக்கு"ன்னா. கோவமா சொல்லல. மெதுவாத்தான் சொன்னா. "நான் எதைப் பாத்து இவளுக்குக் கொடுக்கட்டும்?"

பாப்பா பால் பாட்டிலைக் கீழ போட்டுட்டு, வழக்கம் போல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு என் பக்கமா பாஞ்சுது. நானும் கையை நீட்டினேன். சின்னவ குனிஞ்சு பாட்டிலை எடுத்தா. பாப்பாவை என் பக்கத்துல இருந்து மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டா. காலிக் கேன் ரெண்டையும் என் காலடியிலயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் படியேறிப் போயிட்டா.